கீழ்வீட்டுக் கொல்லையில் ஒரு நட்சத்திர ரூம்

டெம்போ காலையிலேயே பின்சந்தில் வந்து நின்றுவிட்டது. நான் மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே, செண்பகம் வீட்டுக் கொல்லையில், இரண்டு ஆட்கள் ஸ்பானரை வைத்துக்கொண்டு அந்தத் தகரக் கூரையைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு போல்ட்டாவது துருப்பிடித்து மாட்டிக்கொள்ளாதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றுகூட மாட்டவில்லை. இரண்டு திருகு திருகியதும் மூன்றாவதில் கையோடு வந்துவிட்டது. வந்த ஒவ்வொன்றையும் செண்பகம் ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டாள். 'டிங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

அந்த போல்ட்டுகள் எல்லாம் நான் போட்டவை. காகிதத்தில்தான். எங்கே துளை, எவ்வளவு கனம், எதன் மேல் எது உட்கார வேண்டும் என்று ஒவ்வொன்றையும் வரைந்தவள் நான். கழற்ற வேண்டிய நாள் வந்தால் சுலபமாகக் கழல வேண்டும் என்று யோசித்து யோசித்து வரைந்தவளும் நானேதான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசாங்க குவார்ட்டர்ஸ் மனிதர்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார். எல்லாரையும் இவ்வளவு நல்லவர்களாக எழுதுகிறீர்களே, உங்களுக்கு யார் மேலும் பொறாமையே வந்ததில்லையா என்று. வந்திருக்கிறது, அம்மா. பல வருடம் அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கிப் பொங்கி வந்திருக்கிறது. அதற்குப் பெயர் செண்பகம்.

கழிவறையில் தொடங்கியது

நான் அரசாங்கக் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்வுமனாக இருந்தேன். ஒருமுறை வடக்கே ஏதோ ஓர் ஊரில் கோளரங்கம் கட்டும் வேலை வந்தது. அந்தப் பெரிய குவிமாடத்தைப் பெரியவர்கள் வரைந்தார்கள். எனக்குக் கிடைத்தது கழிவறைப் பகுதி. ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம், நடுவில் தண்ணீர்க் குழாய்.

கட்டி முடித்ததும் எங்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். நான் முதலில் போய்ப் பார்த்தது என் கழிவறையைத்தான். குழாய் சரியான இடத்தில் இருந்தது. அப்புறம் உள்ளே உட்கார வைத்து விளக்கை அணைத்தார்கள். அவ்வளவுதான், என் புத்தி அங்கேயே தங்கிவிட்டது.

திரும்பி வந்ததும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய பைனாகுலர் வாங்கினேன். ஒரு கண்ணாடியில் கீறல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு சாயங்காலமானால் பால்கனியில் நிற்பேன். என் வீட்டுக்காரர், "அக்கம்பக்கத்துல என்ன நினைப்பா?" என்றார். நினைத்தார்கள்தான். எதிர் பிளாக் சர்தார்ஜி வீட்டம்மாள் ஒரு மாதம் ஜன்னல் திரையையே விலக்கவில்லை.

மாடி வீட்டில் வானம் பாதிதான். தலைக்கு மேல் கான்கிரீட் சன்ஷேடு. மொட்டை மாடிக்குப் படி கிடையாது. தண்ணீர்த் தொட்டி பார்க்க வருகிற ஆள் மட்டும் இரும்பு ஏணி போட்டு ஏறுவார். முழு வானம் வேண்டுமென்றால் கீழ்வீட்டுக் கொல்லை வேண்டும். நாலு கட்டில் போடுகிற அளவுதான் அது, ஆனால் மேலே ஒன்றுமே இல்லாத இடம்.

கீழ்வீடு காலியானபோது வீட்டை மாற்றிக் கொடுக்கும்படி என் வீட்டுக்காரர் விண்ணப்பம் போட்டார். அதை நாங்கள் 'சேஞ்ச்' என்போம். "நமக்குத்தான் வரும், பாத்துக்கோ" என்றார். நான் மனத்துக்குள் அந்தக் கொல்லையில் நாற்காலியே போட்டுவிட்டேன். வீடு செண்பகத்தின் கணவர் முருகேசன் சாருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் எங்களவரைவிட சீனியர். ஆக, செண்பகத்தின் முகத்தைப் பார்க்கும் முன்பே அவள் மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

வந்த அன்றைக்கே படியேறி வந்தாள். கையில் ஒரு சின்னக் கிண்ணம். "ஒரு கரண்டி உறைமோர் கெடைக்குமா? இங்கன பால்காரன் தயிரு நமக்கு ஒத்து வராதுல்லா" என்றாள். டெல்லித் தமிழர்கள் வீட்டில் இப்படித்தான் சிநேகம் ஆரம்பிக்கும். என் தயிர் அவள் வீட்டில் தோய்ந்தது. அவள் திருநெல்வேலி, நான் கும்பகோணம், ஒரே வயது. ஒரு வாரத்தில் வாடி போடி என்றாகிவிட்டோம். சிநேகம் ஒரு பக்கம், பொறாமை ஒரு பக்கம். இரண்டும் ஒரே வீட்டில் சண்டை போடாமல் இருந்தன.

அமெரிக்க அண்ணனும் கும்பகோணத்து அண்ணனும்

ஊரில் பார்த்த ஒரே ஒரு நட்சத்திரத்தைத் தவிர வேறெதையும் செண்பகத்துக்கு அப்போது அடையாளம் தெரியாது. வானத்தில் எது எங்கே என்று காட்டிக் கொடுத்தவள் நான். அவள் கொல்லையில் பாயை விரித்துப் படுத்து, என் கீறல் பைனாகுலரை அவளிடம் கொடுத்து, இது கார்த்திகை, இது சப்தரிஷி, இது வியாழன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கெட்டிக்காரி. சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

பிடித்துக்கொண்டு என்ன செய்தாள்? அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கு போன் போட்டாள்.

அடுத்த லீவுக்கு வந்த அந்த அண்ணன் ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் டெலஸ்கோப். தவலை அகலத்துக்கு வெள்ளைக் குழாய், அடியில் கண்ணாடி, சுற்றித் திரும்ப இரும்புத் தாங்கி, மூன்று கால்கள். எனக்கும் அண்ணன் உண்டு. கும்பகோணத்தில் பாத்திரக் கடை. யார் டெல்லிக்கு வந்தாலும் எனக்கு இட்லித் தட்டு கொடுத்தனுப்புவார். அந்த வாரமும் ஒன்று வந்தது.

கொஞ்ச நாள் கழித்து செண்பகம் மேலே வந்து, என் சமையலறை வாசலில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி ராஜி, இத வெளிய எடுத்து வைக்கவும் உள்ள எடுத்து வைக்கவும் இடுப்பு ஒடிஞ்சு போச்சு. கொல்லையிலயே அதுக்கு ஒரு ரூம் போட்டா என்ன?"

"என்ன ரூம்?"

"நட்சத்திர ரூம். கூரை தொறக்கணும். நீ ஒரு படம் போட்டுத் தாயேன்."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை கேஸ் சிலிண்டர் புத்தகத்தின் பின்னட்டையில் கோடு போட ஆரம்பித்துவிட்டது. வரைந்து கொடுத்தால் பாதியாவது எனக்குச் சொந்தம் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியாது.

பெரிய கூலர்

குவார்ட்டர்ஸில் நிரந்தரமாக எதுவும் கட்டக் கூடாது. செங்கல் வைத்தால் வம்பு. அதனால் முழுக்க முழுக்க இரும்பு ஆங்கிளும் தகரமும், எல்லாம் போல்ட்டு. வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல் தானே நிற்க வேண்டும். இதுதான் முதல் விதி.

இரண்டாவது, கூரை. ஜன்னல் மாதிரி கொஞ்சம் திறந்தால் போதாது. கூரை முழுசாக நகர்ந்து ஒதுங்க வேண்டும். கேட்டுகளுக்குப் போடும் இரும்புச் சக்கரங்களைக் கூரைக்கு அடியில் பொருத்தினேன். சுவரின் மேல் இரண்டு தண்டவாளம். அவை வடக்கே நீண்டு, துணி துவைக்கும் கல்லுக்கு மேல் நாலு கால்களில் நிற்கும். கூரையைத் தள்ளினால் துவைகல்லுக்கு மேல் போய் நின்றுகொள்ளும்.

மூன்றாவது, தூண். டெலஸ்கோப் நிற்கிற தூண் அறையின் தரையைத் தொடவே கூடாது. தொட்டால் யாராவது காலை மாற்றி வைத்தால்கூடச் சனி கிரகம் குதிக்கும். அதனால் ஆழமாகத் தோண்டி, சிமெண்ட் குழாயை நட்டு, உள்ளே கான்கிரீட் நிரப்பி, சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விட்டு மணல். தூண் தலையில் நாலு போல்ட். இது மட்டும்தான் கழற்ற முடியாத பகுதி. கொல்லையில் ஒரு கல் கிடந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

வடக்கே துருவ நட்சத்திரம் தெரிய வேண்டும். டெலஸ்கோப்பின் அச்சு அதைப் பார்த்துத்தான் சாய்ந்து நிற்கும். கும்பகோணத்தில் துருவத்தை நான் பார்த்ததே கிடையாது, அங்கே அது அவ்வளவு கீழே. டெல்லியில் எவ்வளவு உயரம் என்று புத்தகம் பார்த்து, கோணம் போட்டு, ஒதுங்கி நிற்கும் கூரைக்கு மேல் இரண்டு விரல் தள்ளித் தெரியும்படி கூரையைத் தாழ்த்தினேன்.

தெற்குப் பக்கத்துக்குக் கணக்கே போடவில்லை. தெற்கே செண்பகத்துக்கு வேண்டியது ஒரே ஒரு நட்சத்திரம், அகத்தியர். "எங்க ஊர்ல மாசி மாசம் தெக்க பாத்தா, பனை மரத்துக்கு மேல ஜம்முனு நிப்பாரு" என்றாள். எனக்கும் தெரியும். காவிரிக்கரையில் நின்று பார்த்திருக்கிறேன். தெரிந்த மனிதரின் உயரத்தைப் போய் யாராவது அளப்பார்களா? ஞாபகத்திலிருந்து கோடு போட்டேன். சுவர் தலைக்கு மேல் ஒரு சாண். அதற்கு மேல் புள்ளிக்கோடு, கோட்டின் நுனியில் ஒரு குட்டி நட்சத்திரம். அழகாக இருந்தது.

செய்து கொடுத்தவர் கோட்லா கடைத்தெருவில் வெயில்காலக் கூலருக்குத் தகரப் பெட்டி செய்யும் பால்கிஷன். டெல்லியில் ஆங்கிளையும் தகரத்தையும் கூலர்காரர்களைவிட வேகமாக வெட்டுபவர்கள் கிடையாது. குளிர்காலத்தில் அவர்களுக்கு வேலையும் கிடையாது. என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அச்சா, படா கூலர்" என்றார். ஒவ்வொரு துண்டிலும் அடையாளத்துக்குப் பச்சை பெயிண்டில் எண் போட்டுக் கொடுத்தார்.

வெயில் காலத்தில் குடியிருப்புப் பராமரிப்புக்காரர் ஒருவர் வந்து, இது என்ன என்று கேட்டார். செண்பகம் கண் சிமிட்டாமல் "கூலர்" என்றாள். அவர் தகரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தார். காற்று வரவில்லையே என்றார். "மோட்டர் கராப்" என்றாள். மோட்டாரை ஜல்தி சரி செய்துகொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

யார் முதலில் பார்ப்பது

முதல் நாள் சாயங்காலம் கூரையைத் தள்ளினோம். ஒரு கையால் தள்ளினாலே போயிற்று. கடகடவென்று சத்தம், அப்புறம் தலைக்கு மேல் முழு வானம். நான் நிமிர்ந்து பார்த்தபடி நின்றேன்.  நான் வரைந்த அறையின் நடுவில் நான் நிற்கிறேன், ஆனால் நிற்கும் மண் அவளுடையது.

செண்பகம்தான் முதலில் பார்த்தாள். "கூரை யாரு வீட்டுலயோ அவங்கதான் மொதல்ல பாக்கணும், கேட்டியா" என்று சிரித்தாள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அதுவே சட்டமாகிவிட்டது. அவள் பார்ப்பாள், தன் கண்ணுக்குத் தகுந்தபடி திருகுவாள், ஆற அமர ரசிப்பாள். அப்புறம் முருகேசன் சார். அப்புறம் வந்திருக்கும் விருந்தாளிகள். அப்புறம் நான். நான் மூக்குக் கண்ணாடிக்காரி. அவள் திருகி வைத்த இடத்தில் எனக்கு எல்லாம் இட்லியாகத்தான் தெரியும். திரும்பத் திருகுவதற்குள் சனி நகர்ந்து போய்விடும்.

விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைத்து வாங்க நின்றால், "நட்சத்திர ரூம் அம்மா வீட்டு மாடியிலதானே நீங்க இருக்கேள்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். வேறென்ன சொல்வது?

ஒரு சனிக்கிழமை செண்பகம் கீழேயிருந்து கூப்பிட்டாள். "ராஜி, ஒங்க வீட்டு கிரைண்டர கொஞ்சம் போடேன். தூணு ஆடுதான்னு பாப்போம்."

கும்பகோணத்து அண்ணன் அனுப்பிய கிரைண்டர் அது. போட்டால் தட்டு டம்ளரெல்லாம் நடக்கும். போட்டேன். ஊறின உளுந்தையும் போட்டு முழு வேகத்தில் விட்டேன். என் வீடே அதிர்ந்தது.

"ஆடவே இல்லட்டி" என்றாள் கீழேயிருந்து. "அப்படியே குத்துக்கல்லு மாதிரி நிக்குது."

எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் ஆடியிருக்கலாம் என்றும் இருந்தது.

எனக்கென்று ஒன்றே ஒன்று மிஞ்சியது. எங்கள் பிளாக் வடக்கு தெற்காக நீண்டது. கொல்லை கிழக்கே. மேற்கு வானம் முழுவதையும் வீடே மறைத்துவிடும். ஆகவே சாயங்காலச் சுக்கிரன் செண்பகத்தின் டெலஸ்கோப்புக்கு அகப்படாது. என் முன்பக்க ஜன்னலில் அது தகதகவென்று நிற்கும். அப்போதெல்லாம் நான் கீறல் பைனாகுலரோடு ஜன்னலில் நின்று, "செண்பா, சுக்கிரன் இன்னிக்கு என்ன அழகா இருக்கு தெரியுமா?" என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்வேன்.

சுவருக்குப் பின்னால்

அகத்தியருக்கு முதல் வருடம் காத்திருந்தோம். தை முழுக்கப் பனிமூட்டம், எதிர்வீடே தெரியவில்லை. மாசியில் வானம் துலங்கியது. ஒருநாள் இருட்டினதும் இருவரும் நட்சத்திர ரூமில் தெற்கே பார்த்து நின்றோம். சிரியஸ் நட்சத்திரம் மேலே பளிச்சென்று நின்றது. அதற்குக் கீழே அகத்தியர் வர வேண்டும்.

வரவில்லை. இதோ வருவார், இதோ வருவார் என்று நின்றோம். குழந்தைகள் பசி என்று வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் செண்பகம் டெலஸ்கோப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சுவரு உசரமா இருக்கு."

"சரியாதான்டி இருக்கு."

"அப்ப எங்க அவரு?"

நான் சுவரைச் சாண் போட்டு அளந்து பார்த்தேன்.

"ஒனக்கு இந்த ரூமு எனக்கு அமைஞ்சது புடிக்கல ராஜி. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் என்ன ஆசப்பட்டேனோ அத மட்டும் பாத்து மறச்சு வச்சிருக்க."

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. கொல்லை வாசலில் நின்றிருந்த முருகேசன் சார் உள்ளே போய்விட்டார்.

"பொறாமை இருக்குடி" என்றேன். "நிறைய இருக்கு. நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்லேந்து இருக்கு. ஆனா என் டிராயிங்ல இல்லே. அதுல வேணும்னு ஒரு கோடு தப்பா போட்டேன்னு சொன்னா, இனிமே உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்."

சொல்லிவிட்டு என் வீட்டுப் படி ஏறினேன். அழுகை வந்தது. என்னைக் கெட்டவள் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் வரைபடத்தைச் சொல்லிவிட்டாளே.

பின்பக்க பால்கனியில் போய் நின்றேன். நான் எங்கே தப்பு செய்தேன் என்று தெரியாமல் சாப்பாடு இறங்காது. பால்கனியின் ஓரத்துக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு தெற்கே எட்டிப் பார்த்தேன். சிரியஸிலிருந்து கண்ணைக் கீழே கொண்டுவந்தேன். இன்னும் கீழே. இன்னும் கீழே. கடைசி வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில், புழுதி நிறத்தில் ஒரு வெளிச்சம் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த உயரத்தில் தெரிவதையெல்லாம் ரிங் ரோட்டு விளக்கு என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

பைனாகுலரை வைத்துப் பார்த்தேன். விளக்கு இல்லை.

"செண்பா, மேல வா" என்று கூப்பிட்டேன்.

 அப்புறம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்து என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இதா?"

"இதுதான்."

"இவ்வளவு கீழயா?"

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவரு எறங்கலட்டி. நாமதான் இம்புட்டுத் தூரம் ஏறி வந்திருக்கோம்" என்றாள்.

வடக்கே வர வரத் துருவம் ஏறும், அகத்தியர் இறங்குவார். துருவத்துக்குப் புத்தகம் பார்த்த நான், அகத்தியருக்கு ஊரைப் பார்த்துவிட்டேன். காவிரிக்கரையில் நின்ற உயரத்திலேயே டெல்லியிலும் நிற்பார் என்று கோடு போட்டிருக்கிறேன். பஞ்சாபியோ வங்காளியோ இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே முடிந்த தப்பு அது.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் ஒரு தூக்கு நிறைய சொதி கொடுத்தனுப்பினாள். நானும் பேச்சை எடுக்காமல் வரைபடத்தைத் திருத்தினேன். தெற்குச் சுவரைப் பாதியில் அறுத்து, கூலர் கதவுக்குப் போடும் கீல்களை வைத்து, வெளிப்பக்கமாக மடங்குகிற மாதிரி செய்தேன். பால்கிஷன் ஒரே மத்தியானத்தில் முடித்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் சுவர் மடங்கியது. அகத்தியர் சிவப்பும் பச்சையுமாகத் துடித்துக்கொண்டு தெரிந்தார். செண்பகம் முதலில் பார்த்தாள்.

கழன்றது

முருகேசன் சாருக்கு டெல்லியின் மேற்கு ஓரத்துத் துவாரகாவில் கூட்டுறவு சொசைட்டி பிளாட் கைக்கு வந்தது. நாலாவது மாடி. அவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்வது உறுதியானதும் என் வீட்டுக்காரர் மறுபடியும் சேஞ்ச் போட்டார். இந்தத் தடவை கிடைத்தது. அன்றைக்கு நான் பால் பாயசம் வைத்தேன். செண்பகத்துக்கும் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

கொல்லை எனக்கு வருகிறது. நாலாவது மாடியில் கொல்லை ஏது? நட்சத்திர ரூம் இங்கேதானே நிற்கும்? டெலஸ்கோப்பை அவள் கொண்டுபோகட்டும், அறை எனக்கு. பிறகு எப்பாடு பட்டாவது ஒரு டெலஸ்கோப் வாங்கிக்கொள்ளலாம். கூரைக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்பதுவரை முடிவு செய்துவிட்டேன்.

காலி செய்வதற்குச் சில நாள் முன்பு செண்பகம் சொன்னாள். "ரூமை சொசைட்டி மொட்ட மாடியில போட்டுக்கிடலாம்னு இருக்கேன். நீதான் கழத்துத மாதிரி அவ்வளவு நல்லா போட்டிருக்கியே."

எனக்குக் கொடுத்துவிட்டுப் போடி என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கொடுத்திருப்பாள், அவள் குணம் அப்படி. அதனால்தான் கேட்கவில்லை. அவள் கொடுத்து நான் வாங்கினேன் என்றாகிவிடும். காலமெல்லாம் அதன் கீழே நிற்க என்னால் முடியாது.

அப்புறம்தான் டெம்போ வந்தது. கூரை, சக்கரம், தண்டவாளம், பச்சை எண் போட்ட தகரங்கள், என் மடக்குச் சுவர் எல்லாம் ஏறியது. ஊறுகாய் பாட்டில் நிரம்பியதும் செண்பகம் மூடியைத் திருகி, பால்கனியை நிமிர்ந்து பார்த்தாள்.

"போயிட்டு வாரேன் ராஜி. சாவி அவுக ஆபீஸ்ல குடுத்திருவாங்க."

"சரி" என்றேன். ஈரத் துணியை இன்னொரு தடவை பிழிந்தேன்.

தூண்

கீழ்வீட்டுக்கு இறங்கி வந்தோம். கொல்லைக் கதவைத் திறந்தால் நடுவில் அந்தத் தூண் மட்டும் நின்றது. தலையில் நாலு போல்ட். சுற்றிலும் வெயில். இத்தனை வருடம் ஆசைப்பட்ட கொல்லை கிடைத்துவிட்டது, எனக்கு உள்ளே காலெடுத்து வைக்கப் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் தூண் மேல் குருவிகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார். நான் மாதம் ஒருமுறை கிண்ணத்தை எடுத்துவிட்டு நாலு போல்ட்டுக்கும் தையல் மெஷின் எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. 

செண்பகம் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. துவாரகாவிலிருந்து வருபவர்கள், "செண்பகம் வீட்டுலேந்து பாத்தா ஏரோப்ளேன் எறங்கறது தெரியறது" என்பார்கள். அதற்கும் பொறாமைப்பட்டேன். மனசு பழகிவிட்டது.

அடுத்த மாசி வந்தபோது போன் வந்தது.

"ஏட்டி, தூணு இருக்கா?"

நலமா என்றுகூட இல்லை. நானும் "இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் கொட்டித் தீர்த்தாள். சொசைட்டி செக்ரட்டரி மொட்டை மாடியில் எதையும் நிறுத்த விடவில்லை. பால்கிஷனின் தகரங்கள் பார்க்கிங்கில் கிடக்கின்றன. கூரையை யாரோ ஸ்கூட்டர்களுக்கு மேல் போட்டுவிட்டார்கள். டெலஸ்கோப்பை மூன்று காலில் மொட்டை மாடிக்கு ஏற்றி வைத்தால், லிஃப்ட் ஓடினாலும் ஆடுகிறது, தண்ணீர் மோட்டார் போட்டாலும் ஆடுகிறது.

"ஒரு நட்சத்திரம் நிக்க மாட்டேங்கு ராஜி. எல்லாம் வாத்து மாதிரி நடக்கு" என்றாள்.

பாவமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

மெட்ரோ அப்போது துவாரகா பக்கம் எட்டிப் பார்க்காத காலம். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் பெட்ஷீட் சுற்றிய வெள்ளைக் குழாய். பின்னால் ஸ்கூட்டரில் முருகேசன் சார் இரும்புத் தாங்கியோடு வந்தார். கைப்பையிலிருந்து அந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்து, வேண்டிய நட்டுகளைப் பொறுக்கினாள். குருவிக் கிண்ணத்தை எடுத்துக் கீழே வைத்தேன். தாங்கி தூண் மேல் போய் உட்கார்ந்தது. நட்டுகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. செண்பகம் விரலைத் தேய்த்துப் பார்த்தாள். எண்ணெய். என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

சுவர் இல்லை, கூரை இல்லை. இருட்டியதும் அகத்தியர் தண்ணீர்த் தொட்டிக்கும் மரத்துக்கும் நடுவில் வந்து நின்றார். செண்பகம் குனிந்து திருகினாள். திருகிவிட்டு நிமிர்ந்தாள். குழாய் அவளுடையது. தூணும் மண்ணும் என்னுடையவை. இரண்டு பேரும் எதிரெதிரே நின்றோம். முருகேசன் சார் மெதுவாகக் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

"பாரு" என்று அவள் விலகினாள்.

நான் முதலில் பார்த்தேன். என் கண்ணுக்குத் தகுந்தபடி ஆற அமரத் திருகினேன். ஒரு நடுக்கம் இல்லை. நட்சத்திரம் தானாகத் துடித்ததே தவிர, டெலஸ்கோப் அசையவே இல்லை.

"போதும்டி, நவுரு" என்றாள்.

"இரு" என்றேன்.

கிளம்பும்போது, "இத தூக்கிக்கிட்டு அலைய முடியாது. இங்கனயே இருக்கட்டும். சனிக்கெழம சனிக்கெழம வாரேன்" என்றாள். குழாயை என் ஸ்டோர் ரூமில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் அவளே நிறுத்தினாள். போர்வை போர்த்தினாள். அப்புறம், கண் வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன லென்ஸைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அது இல்லாமல் குழாய் வெறும் குழாய். நான் கவனித்துவிட்டதை அவளும் கவனித்தாள். 

கேட்டில் நின்று திரும்பினாள். இருட்டுக்குள் என் கொல்லையை, தூணை, மேலே திறந்து கிடந்த வானத்தை ஒருமுறை பார்த்தாள்.

"இந்த வீடு ஒங்களுக்கு இன்னும் எத்தன வருசத்துக்கு இருக்கும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்குத் தெரிந்த கேள்விதான். மாடி பால்கனியில் நின்று கீழே பார்த்தபடி பல வருடம் நான் கேட்டுக்கொண்டது. அதை இன்னொருத்தி என் கொல்லையைப் பார்த்துக் கேட்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

"இவர் ரிடையர் ஆறவரைக்கும்" என்றேன்.

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டேன்.